வெறுங்காட்டுக்குத் தண்ணீர்

விதை போடாத காட்டுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள் துளசிமணி. ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். சிரிக்கட்டும், வேலங்காட்டு வலசில் சிரிப்பதற்கு வேறு என்ன மிச்சம் இருக்கிறது, பாவம். வாய்க்காலில் வந்த தண்ணீர் மேலண்டைப் பாத்தியின் மடையில் நுழைந்து, வெள்ளை பூத்துக் கிடந்த மண்ணை நனைத்துக்கொண்டு மெதுவாகப் பரவியது. மண்வெட்டிக் காம்பின் மேல் இரண்டு கையையும் போட்டு அவள் அதையே பார்த்தாள். பாத்தி நிறைகிற வரைக்கும் செய்ய ஒன்றும் இல்லை, நிற்க வேண்டியதுதான், நின்றால் நினைப்பு வரும், நினைப்பில் முதலில் வருவது அந்தக் கார். மோட்டாருக்கு விடுகிற காலைக் கரண்டு நிற்பதற்கு முன்னால் கார் வந்துவிடும். பெரிய மாமா, அதாவது அவள் புருஷன் நல்லசிவத்துக்கு மூத்தவர் சாமியப்பன், நேற்றே வந்து சொல்லிவிட்டுப் போனார். "அம்மிணி, காலைல நேரத்துல மேலுக்குத் தண்ணி வாத்துக்கிட்டுத் தயாரா இரு. நல்லசிவம் நைட்டு டூட்டி முடிஞ்சு நேரா என்ற வீட்டுக்கு வந்தர்றான்னு சொல்லீருக்கறான், நான் அவனைக் கூட்டிக்கிட்டு வந்தர்றேன். ரெஜிஸ்டர் ஆபீசுல ஒரு கையெழுத்து, மிசின்ல பெருவிரலை வெக்கோணும், போட்டோ எடுப்பாங்க, அவ்வளவுதான் சோலி." அவ்வளவுதான் சோலி. தோட்டம் சாயப்பட்டறைக்காரருக்குப் போய்விடும், அவர் பட்டறைக் கழிவை மூட்டை கட்டிக் கொண்டுவந்து இங்கே அடுக்குவார், இவர்கள் டவுனில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு போவார்கள், மகன் பூபதிக்குப் பெண் கிடைக்கும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தோட்டம் துளசிமணி பேரில் இருந்தது, அது ஒன்றுதான் எல்லோருக்கும் இடைஞ்சல்.

அவள் பேருக்கு வந்தது ஒன்றும் பெரிய கதை இல்லை. கல்யாணத்துக்குப் போட்ட நகையில் தாலிக்கொடி நீங்கலாக எல்லாவற்றையும் விற்றுத்தான் இதை வாங்கினார்கள். நல்லசிவம் அப்போது ரோசக்காரன். பொண்டாட்டி நகையில் வாங்கினதைத் தன் பேரில் எழுதிக்கொண்டான் என்று நாளைக்கு ஒருத்தன் நாக்கு மேல் பல் போட்டுப் பேசக் கூடாது என்று அவள் பேரிலேயே எழுதச் சொன்னான். அந்த ரோசக்காரன்தான் இப்போது காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு அதே பட்டறையின் கேட்டைத் திறந்து விடுகிறான், கார் உள்ளே போனால் சலாம் வைக்கிறான். இதை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள். நினைக்கக் கூடாது என்றால் மனசு போய் அங்கேதான் உட்கார்ந்துகொள்ளும், மாட்டைத் தவிட்டுத் தொட்டியிலிருந்து இழுக்கிற மாதிரி இழுக்க வேண்டியிருக்கிறது. பட்டறைக்காரர் தோட்டம் பார்க்க வந்த அன்றைக்கு நல்லசிவம் கைகட்டி நின்றான். சொந்தத் தோட்டத்தில், தான் வெட்டின வரப்பில், கைகட்டி. அவர் ஷூ முனையால் மண்ணைக் கிளறினார், வெள்ளையாகத் தூள் பறந்தது, ஷூவைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார், "இந்த உப்புக் காட்டுக்கு இதுவே அதிகமுங்க." இந்த உப்புக் காட்டுக்கு இதுவே அதிகம். சாப்பிட உட்கார்ந்தால் அந்த வார்த்தை வந்து இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டினால் தொட்டிக்குள்ளிருந்து பேசுகிறது. அந்த உப்பு எங்கே இருந்து வந்தது, கடலா பக்கத்தில் இருக்கிறது, இவள் மாமியாரும் மாமனாரும் மூட்டையில் கொண்டுவந்து கொட்டினார்களா. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு அவள் காபித் தண்ணி வைக்க உள்ளே போய்விட்டாள். போனவள் பால் பொங்கி வழிகிற வரைக்கும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாத்தி நிறைந்துவிட்டது. தன்னிச்சையாகக் கை மண்ணை வெட்டி மடையை அடைத்தது, அடுத்ததைத் திறந்தது, காலால் இரண்டு மிதி. தண்ணீர் குளுகுளுவென்று இருந்தது. நல்ல தண்ணீர் தொட்டால் தெரியும், வழவழப்பு இருக்காது, பித்த வெடிப்பில் எரியாது. இது குட்டைத் தண்ணீர், இந்த ஐப்பசியில் பெய்த மழை. கிணற்றுத் தண்ணீர் காலில் பட்டால் வெடிப்புக்குள் மிளகாய் வைத்த மாதிரி இருக்கும். எத்தனை வருஷம் அந்த எரிச்சலோடு நின்று தண்ணீர் கட்டினாள், அதை எரிச்சல் என்று கூட யாரிடமும் சொன்னதில்லை, தண்ணீர் கட்டினால் கால் எரியும் என்று பழகிப்போயிற்று. பழக்கம்தான் பெரிய கேடு. ஆறே அப்படித்தானே பழகியது. மழை பெய்தால் வரும், விட்டால் மணல் தெரியும், அதுதான் இந்த ஆறு. திடீரென்று ஒரு கோடையில், கிணறெல்லாம் அடி தெரிந்து கிடந்த நேரத்தில், ஆற்றில் தண்ணீர் வந்தது. வந்தது நிற்கவில்லை. வெதுவெதுவென்று, நுரை கட்டிக்கொண்டு, ஒரு நாள் மெரூன், ஒரு நாள் நீலம். வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் பயந்திருப்பார்கள். வேலங்காட்டு வலசுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டியே இடுப்பொடிந்தவர்கள், இவர்கள் தண்ணீரைப் பார்த்தால் நிறம் பார்ப்பார்களா. மேற்கே செம்மண் காட்டில் மழை, அதுதான் சிவப்பாக வருகிறது என்றார்கள். நீலத்துக்குக் காரணம் கிடைக்கவில்லை, அதனால் நீலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆளாளுக்குப் பைப் போட்டார்கள். பெரிய மாமா போட்டார், நல்லசிவம் போட்டான், மோட்டாருக்குப் பொட்டு வைத்துக் கிடாய் வெட்டினார்கள். விருந்துக்கு வந்த ஒறம்பரைக்காரர்கள், சொந்தக்காரர்கள் எல்லோரும் வற்றாத ஆறு என்று வாயைப் பிளந்தார்கள், அந்த வருஷம் ஊரில் ஏழெட்டுக் கல்யாணம்.

முதல் போகம் மஞ்சள் ஆளுயரம் நின்றது. அதற்கு அடுத்ததில் இலை ஓரம் கருகியது. இலை கருகினால் என்ன அர்த்தம், தண்ணீர் பற்றவில்லை என்று அர்த்தம், இந்த மண்ணில் பிறந்த குழந்தைக்குக் கூட அது தெரியும். அதனால் இன்னும் தண்ணீர் விட்டார்கள். இன்னும் கருகியது, இன்னும் விட்டார்கள். நல்லசிவம் ராத்திரிக் கரண்டுக்கு எழுந்து போய் விட்டான், பகல் கரண்டுக்கு இவள் போய் விட்டாள், பயிர் தாகத்தில் சாகிறதே என்று நெஞ்சு பதறப் பதற ஊரே சேர்ந்து அந்த நுரைத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொன்றது. ஆனால் அது யார் தப்பு என்று கேட்டால் அவள் தலையைக் குனிய மாட்டாள். தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, தண்ணீருக்குள் வேறொன்றைக் கலந்து அனுப்புகிறவன் இருப்பான் என்று எப்படித் தெரியும். தெரியாமல் போனது இவர்களுடைய முட்டாள்தனம் என்றால் தெரிந்து திறந்து விட்டதற்கு என்ன பேர். அதற்குத் தொழில் என்று பேர். அந்தத் தொழிலுக்குக் கட்டடம் இருக்கிறது, கேட் இருக்கிறது, கேட்டைத் திறந்து விட நல்லசிவம் இருக்கிறான். மறுபடியும் அங்கேயே வந்துவிட்டாள்.

இரண்டாவது பாத்தியில் தண்ணீர் ஒரு மூலைக்குப் போகாமல் நின்றது. மேடு. மண்வெட்டியால் சீவிவிட்டாள், போயிற்று. பூபதி நேற்று சாயங்காலம் போனில் பேசினான். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறான், அங்கே மெஷின் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பேசி அவனுக்குக் குரலே பெரிசாகிவிட்டது, ஆனால் நேற்று மெதுவாகப் பேசினான். "நீ பாத்துக்கம்மா. உனக்கு எது செரின்னு படுதோ அதைச் செய்யி." என்றான். உனக்கு எது சரி என்று படுகிறதோ என்று ஒரு பிள்ளை சொன்னால், எனக்கு எது சரி என்று உனக்கே தெரியும் என்று அர்த்தம். பெற்றவளுக்கு அது கூடவா புரியாது. அவனுக்குத் தலையில் முன்பக்கம் முடி ஏறிவிட்டது. கடைசியாகப் பார்க்க வந்த பெண் வீட்டார் நல்ல மனுஷர்கள், சும்மா குறை சொல்லக் கூடாது. குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்கி வைத்திருந்தாள், சமையலும் அதில்தான், ரசம் கூட நன்றாக வந்திருந்தது. சாப்பிட்டு எழுந்த பெண்ணின் அப்பா கை கழுவ மாட்டுக் கட்டுத்தறிப் பக்கம் போய்விட்டார். அங்கே குழாயில் அப்போது வந்தது ஆற்று உப்பு இறங்கின கிணற்றுத் தண்ணீர். சோப்பை எடுத்துத் தேய்த்தார். நுரை வரவில்லை. இன்னும் தேய்த்தார். இவள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றாள், அவர் முதுகைப் பார்த்தாள், அந்த முதுகுக்கு விஷயம் புரிந்துகொண்டே வந்தது இவளுக்குத் தெரிந்தது. சோப்பு அவர் கையில் தயிர் திரிந்த மாதிரி திரிந்தது. திரும்பி, துண்டை வாங்கித் துடைத்து, "சாப்பாடு அருமைங்க அம்மிணி," என்று சொல்லிவிட்டுப் போனார். ஜாதகம் பொருந்தவில்லை என்று பிறகு ஆள் மூலம் சொல்லி விட்டார்கள். மரியாதைப்பட்டவர்கள். எந்தத் தகப்பன்தான் பெண்ணை நுரை வராத தண்ணீருக்கு அனுப்புவான், இவளுக்கு ஒரு பெண் இருந்தால் இவள் அனுப்புவாளா.

அப்படியானால் கையெழுத்துப் போட்டுவிட வேண்டியதுதானே. இந்தக் கேள்வி அவள் குரலில் வரவில்லை, பெரிய மாமா குரலில் வந்தது. சர்க்கார் ஆட்கள் வந்து நஷ்டம் கணக்கெடுத்த நாளில் கூட அவர் இப்படித்தான் பக்கத்தில் நின்று எல்லாவற்றுக்கும் இவளுக்கு முன்னால் பதில் சொன்னார். என்ன பயிர், மஞ்சள். எவ்வளவு காடு. எழுதிக்கொண்டார்கள். அந்தப் போகத்து மஞ்சளுக்கு ஒரு தொகை வந்தது, வந்து, உரக்கடைப் பாக்கிக்குப் போயிற்று. அவ்வளவுதான், கணக்கு முடிந்தது என்றார்கள். மஞ்சளுக்குக் கொடுத்தீர்கள், மண்ணுக்கு யார் கொடுப்பது என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது, தோன்றினதை மென்று விழுங்கினாள். செவலைப் பசு அந்தத் தண்ணீரைக் குடித்துக் குடித்து நாள் நிறையாமல் கன்றை வீசியது, அடுத்த ஈற்றிலும் வீசியது, அதை எந்தக் காகிதத்தில் எழுதுவது. தன் காட்டுச் சோளத்தட்டு அறுத்து மாட்டுக்குப் போட்டவள் இன்றைக்கு லாரி வைக்கோல் வாங்குகிறாள். குரும்பையாகவே உதிர்ந்துபோன தென்னைகள் நிற்கின்றன, வெட்டுகிறவன் கூட விறகுக்கு ஆகாது என்கிறான். தண்ணீருக்கு நடுவில் வீட்டைக் கட்டிக்கொண்டு தண்ணீர் கேனுக்கு ஆட்டோவை எதிர்பார்த்து நிற்கிறாள். களை எடுக்க வந்த பெண்கள் எல்லாம் கம்பெனி வேனில் ஏறிப் போனார்கள், நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்த நல்லசிவம் விசில் ஊதப் போனான், ஒரு பையனுக்கு வயசு ஏறிக்கொண்டே போகிறது. கூட்டிக்கொண்டே போனால் எந்த இடத்தில் நிறுத்துவது. நிறுத்த முடியாது என்பதால்தான் யாரும் கூட்டவில்லை. யாரும் கூட்டாததால்தான் ஒருத்தர் ஷூவைத் தட்டிவிட்டுக்கொண்டு இந்த உப்புக் காட்டுக்கு இதுவே அதிகம் என்று சொல்ல முடிகிறது. கெடுத்ததும் நீ, கெட்டுப்போச்சு என்று விலையைக் குறைப்பதும் நீ, குறைந்த விலைக்கு வாங்கி மிச்சக் கெடுதலைக் கொண்டுவந்து கொட்டுவதும் நீ. நல்ல வியாபாரம். இதை விட நல்ல வியாபாரம் உலகத்தில் இருக்கிறதா என்று அவள் தண்ணீரைப் பார்த்துக் கேட்டாள், வாய்விட்டே கேட்டுவிட்டாள் போலிருக்கிறது, வேலியில் இருந்த மைனா பறந்து போயிற்று.

மூன்றாவது. வரப்பில் கால் வழுக்கியது, சமாளித்துக்கொண்டாள். இந்தக் குட்டைத் தண்ணீர் யோசனையைச் சொன்னது விவசாய ஆபீசுப் பெண். பேர் என்னவோ, மூக்குத்தி போட்ட பெண், ஸ்கூட்டியில் வரும், பேர் நாக்கு நுனியில் நிற்கிறது, வர மாட்டேன் என்கிறது. "உப்பு மேல பூத்திருக்கறதைக் கரைச்சுக் கீழே இறக்கணுங்கம்மா. ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணியைக் கட்டி நிறுத்தி வைங்க. மிஞ்சினதை வடிகால்ல விட்டுடுங்க. திரும்ப நிறுத்துங்க. அப்புறம் பசுந்தாள் உரமா தக்கைப்பூண்டு விதைச்சு, பூ வர்றப்ப மடக்கி உழுதுடுங்க. ஒரு வருஷத்துல ஆகாது. சொல்லிட்டேன்." ஆகும் என்று சொல்கிறவர்களைத்தான் அவள் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறாள், ஆகாது என்று முதலிலேயே சொன்ன அந்தப் பெண்ணை அதனாலேயே நம்பினாள். கிணற்று மோட்டாரைக் கழற்றிக் குட்டைக்கு மாற்றியபோது நல்லசிவம் ஒன்றும் சொல்லவில்லை, உதவிக்கும் வரவில்லை. தெருவில் சொன்னார்கள். ஒன்றும் முளைக்காத காட்டுக்குத் தண்ணீராம், அறுத்து விற்கவும் முடியாத பூண்டை விதைப்பாளாம், விதைத்து அதையும் உழுதுவிடுவாளாம், அகராதி பிடித்தவள். சொல்லட்டும். போன மழைக்கு முந்தின மழையிலும் இதைச் செய்தாள், போன மழையிலும் செய்தாள். மேலண்டைப் பாத்தியில் வெள்ளை குறைந்திருப்பது உண்மையா, கண்ணுக்கு அப்படித் தெரிகிறதா. இது ஒரு பயம். கீழே போன உப்பு கோடையில் மறுபடியும் மேலே ஏறிவிடும் என்பது இன்னொரு பயம். குட்டை அடுத்த வருஷம் நிறையாமல் போனால். முழங்கால் வலி அதற்குள் அவளைக் கட்டிலில் போட்டுவிட்டால். பூபதி ஒரு நாள், அம்மா உன் மண்ணால்தான் எனக்கு இப்படி ஆயிற்று என்று சொல்லிவிட்டால். கடைசிப் பயம் வந்ததும் மற்ற பயங்கள் எல்லாம் எழுந்து அதற்கு இடம் விட்டன.

ஆனால் தொய்யக்கீரை வந்திருக்கிறது. அதை யார் இல்லை என்று சொல்ல முடியும். மழைக்கு மழை காடெல்லாம் முளைத்து, பறித்து மாளாமல் மாட்டுக்குப் போட்ட கீரை, ஆற்றுத் தண்ணீர் பாய்ந்த பிறகு இந்தத் தோட்டத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேற்று மேலண்டை வரப்போரம் குனிந்தபோது நாலு செடி, சின்னச் சின்னதாக, யாரும் கூப்பிடாமல் தானாக வந்து நின்றன. ஒரு செடியை விதைக்கு விட்டுவிட்டு மூன்றைக் கிள்ளி எடுத்துக்கொண்டு வந்தாள், ஒரு கை கூட வரவில்லை, துவரம் பருப்பைப் போட்டுப் பெருக்கிக் கடைந்தாள். நல்லசிவம் டூட்டிக்குப் போகும் முன் சாப்பிட உட்கார்ந்தான். ஒரு வாய் வைத்தவன் நிறுத்தினான். "ஏது இது?" என்றான். "நம்ம தோட்டத்துதுங்க," என்றாள். அவன் இவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. வட்டிலை வழித்துச் சாப்பிட்டான், கையை நக்கினான், பல வருஷம் கழித்து அப்படி நக்கினான். பிறகு எழுந்து காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். போகும்போது, பதிவுக்குக் கட்டிக்கொள்ள அவளுடைய பச்சைப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போனான். கீரையும் அவன்தான், புடவையும் அவன்தான். எந்த நல்லசிவத்தை நம்புவது என்று ராத்திரியெல்லாம் யோசித்தாள். புடவை கட்டிலிலேயே கிடக்கிறது. அவள் காலையில் எழுந்து பழைய புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மோட்டாரைப் போட்டுவிட்டாள். யோசித்துச் செய்ததா, யோசிக்காமல் செய்ததா, அவளுக்கே தெரியவில்லை. போட்ட பிறகுதான் தெரிந்தது, தான் எங்கேயும் போகப் போவதில்லை என்று.

கார் தடத்தில் வந்து வேலிப் படல் பக்கத்தில் நின்றது. முன் சீட்டிலிருந்து பெரிய மாமா இறங்கினார், பின்னாலிருந்து நல்லசிவம். பெரிய மாமா வீட்டில் குளித்திருப்பான் போலிருக்கிறது, இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டி, சந்தனக் கலர் சட்டை, அதற்கு மேல் தூக்கம் கெட்ட முகம். "என்ன அம்மிணி, இன்னும் காட்டுல நிக்கறே? அங்க பட்டறைக்காரரு வந்து டோக்கனு போட்டு உக்காந்துக்கிட்டிருக்கறாரு." என்றார் பெரிய மாமா. துளசிமணி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டாள். "தண்ணி பாயுதுங்க மாமா," என்றாள். இந்த ஊரில் அது போதும். தண்ணீர் பாய்கிறது என்றால் எழவு வீட்டுக்காரன் கூட, செரி, முடிச்சுப்போட்டு வா என்பான். பாதித் தண்ணீரில் மடையை விட்டுவிட்டு யாரும் யாரையும் வரச் சொன்னதில்லை. பழக்கம் பெரிய மாமாவையும் பிடித்து நிறுத்தியது. பிறகு காட்டைப் பார்த்தார். "வெறுங்காட்டுக்கு என்ன தண்ணி? இன்னிக்கு மத்தியானத்துக்கு மேல இது நம்ம காடே கெடையாது."

"நம்ம காடுதானுங்க," என்றாள். "நான் கையெழுத்துப் போட வரலீங்க மாமா." நல்லசிவம் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். "பூபதியை நெனைச்சுப் பாத்தியா?" என்றார் பெரிய மாமா. அதை அவர் கேட்பார் என்று தெரியும், தெரிந்திருந்தும் வலித்தது. "அவனை நெனைக்காத நேரமில்லீங்க. அவனுக்கு நான் பதில் சொல்லிக்கறேன், அவன் திட்டினாலும் வாங்கிக்கறேன். ஆனா, கெடுத்ததுக்கு வெலை என்னன்னு அவரை மொதல்ல சொல்லச் சொல்லுங்க. அந்தக் கணக்கைத் தீத்துப்போட்டு, அப்பறம் காட்டுக்கு வெலை பேச வரச் சொல்லுங்க. அப்பவும் நான் குடுக்க மாட்டேன், அது வேற." பெரிய மாமாவுக்கு முகம் கறுத்தது. "நாளைக்கு இவனுக்கு அந்த வாச்மேன் வேலை இருக்குமா, அதை ரோசனை பண்ணுனியா நீ? ஏதோ போனாப் போகுதுன்னு அவரு ஒரு வெலை சொல்லீருக்கறாரு, அகராதி பேசிக்கிட்டு." வேலை போய்விடும். அது உண்மைதான். அவள் நல்லசிவத்தைப் பார்த்தாள், அவன் தரையைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கீரையும் இல்லை, புடவையும் இல்லை, ஒன்றும் தெரியவில்லை. "மோட்டார நிறுத்துனா எல்லாம் தானா வருவா," என்று யாருக்கோ சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் பெரிய மாமா குட்டைக் கரையில் இருந்த மோட்டார் ரூமைப் பார்த்து நடந்தார். அவள் போய்த் தடுக்கலாம். மூத்தவர், கையைப் பிடிக்கவா முடியும். காலில் விழவும் மாட்டாள். கால் நகராமல் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையெழுத்தை இல்லை என்று சொல்லிவிடலாம், வீட்டில் தினம் தினம் இதே பேச்சுக்கு எத்தனை தடவை இல்லை என்று சொல்வது, அவன் வாயைத் திறக்காமல் பக்கத்தில் படுத்திருக்கும்போது எத்தனை நாளைக்குத் தனியாகத் தண்ணீர் கட்டுவது, அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வரப் பார்த்தது.

பேச்சு மும்முரத்தில் பாத்தியை மறந்துவிட்டாள். மூன்றாவது பாத்தி நிறைந்து தளும்பி, வடிகால் பக்கத்து வரப்பில் எங்கேயோ எலி வங்கு இருந்திருக்க வேண்டும், அங்கே குபுக்கென்று உடைப்பு எடுத்தது. உப்பைக் கரைத்து இறங்க வேண்டிய மழைத் தண்ணீர் வங்கு வழியாகச் சும்மா ஓடியது. அவள் திரும்பி ஓடுவதற்குள் அவளைத் தாண்டி ஒரு வெள்ளை வேட்டி ஓடியது. நல்லசிவம் வேட்டியை மடித்துக் கட்டவும் இல்லை, செருப்பைக் கழற்றவும் இல்லை, அப்படியே பாத்திக்குள் இறங்கி, உடைப்பில் குதிகாலை ஊன்றி, குனிந்து இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அள்ளி அடைத்தான். ஒரு கை அடைக்க ஒரு கை கரைந்தது. துளசிமணி வரப்போரத்துப் புல்லோடு ஒரு கட்டி வெட்டிக் கொடுத்தாள், அவன் பார்க்காமலே கையை நீட்டி வாங்கித் திணித்து, மேலே ஏறி மிதித்தான். சந்தனக் கலர் சட்டையெல்லாம் சேறு. தண்ணீர் நின்றது. அவன் மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தான், மோட்டார் ரூம் கதவில் அண்ணன் கை வைப்பதைப் பார்த்தான். அண்ணன் சொன்ன வார்த்தைக்கு எதிர்வார்த்தை என்று ஒன்று இந்த மனுஷன் வாயிலிருந்து வந்து துளசிமணி கேட்டதே இல்லை. பைப் போடலாம் என்றபோது போட்டான், காக்கிச் சட்டை போடு என்றபோது போட்டான், விற்கலாம் என்றபோது புடவையை எடுத்து வைத்தான். அவன் தொண்டையைச் செருமினான். "வேண்டாமுங்ணா," என்றான், அது அவர் காதுக்கு எட்டவில்லை. இன்னொரு தடவை, அந்தக் காடு முழுக்கக் கேட்கிற மாதிரி, "மோட்டார்ல கை வெக்காதீங்ணா. தண்ணி பாயுது." என்றான். பெரிய மாமா திரும்பிப் பார்த்தார். பிறகு கதவை விட்டுவிட்டுக் காரைப் பார்த்து நடந்தார். நல்லசிவம் அதைக் கவனிக்கவில்லை. குனிந்து அடைப்பை ஒரு தடவை தட்டிப் பார்த்தவன், நிமிராமலே பொண்டாட்டியைக் கேட்டான். "நின்னுக்கிட்டிருக்கறே. கரண்டு போறதுக்குள்ள மிச்சத்துக்குப் பாய வேண்டாமா?" துளசிமணி போய் அடுத்த மடையை வெட்டிவிட்டாள்.